தொடாமலே அடைக்கும் சீல்

நேயர்களுக்கு வணக்கம்.

பம்பில் ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, சுழலவும் வேண்டும், அது வெளியே வரும் இடத்தில் கசியவும் கூடாது. முன்பெல்லாம் இதற்குக் கிளாண்ட் பேக்கிங்தான். கயிற்றைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள்; கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சொட்டு நின்றால் கயிறு சூடேறிக் கருகிவிடும். அப்புறம் மெக்கானிக்கல் சீல் என்ற வளைய அடைப்பு வந்தது. ஒரு வளையம் ஷாஃப்டோடு சுழலும், இன்னொன்று சுழலாமல் நிற்கும், ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்து அழுத்தும். இடையில் புகும் மெல்லிய திரவப் படலமே மசகு.

வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரில் அந்தத் திரவம் ஏது? அதனால் எண்ணெயைச் செலுத்தி அடைத்தார்கள். இயற்கை எரிவாயுக் கம்ப்ரஸர்களில் அந்த எண்ணெயில் கரைந்த மீத்தேன் பிறகு காற்றில் கலந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, இப்படி ஒரு கம்ப்ரஸரிலிருந்து நிமிடத்துக்கு 40 முதல் 200 கன அடி வரை போகும்.

இதை மாற்றியது உலர் வாயு சீல். நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்பு இது. சுழலும் வளையத்தின் முகத்தில் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்தில் சுருள் வடிவப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். சுழற்சி வேகத்தில் வாயு பள்ளத்துக்குள் இழுக்கப்படுகிறது, அதன் முனையில் முட்டி அழுத்தம் ஏறுகிறது, எதிர் வளையத்தைத் தள்ளிவிடுகிறது. இடைவெளி வெறும் 3 முதல் 5 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முகங்கள் தொடுவதில்லை, ஆகவே தேய்வதும் மிகக் குறைவு. கசிவு நிமிடத்துக்கு 6 கன அடிக்குள் அடங்குகிறது. ஆனால் சீலுக்குப் போகும் வாயு சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தாக வேண்டும். வடிகட்டியில் காட்டும் அலட்சியம் விலையுயர்ந்த சீலையே உடைத்துவிடும். பள்ளம் ஒரே பக்கம் வளைந்த சீல் என்றால், ஷாஃப்ட் எதிர்த்திசையில் சுழலவும் கூடாது.

திரவ பம்புகளிலும் இதே எண்ணம் நுழைந்திருக்கிறது. இஸ்ரேலில் டெக்னியான் பல்கலைக்கழகத்தின் இட்ஸாக் எட்ஸியான், லேசரால் சீல் முகத்தில் நுண்குழிகள் பதித்து உராய்வைக் குறைத்துக் காட்டினார். சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான பீங்கான் முகத்தில் வைரப் பூச்சும் வந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் பம்ப் கொஞ்ச நேரம் ஓடினாலும் அது தாங்கும்.

வால்வில் பாடு வேறு. தண்டு எப்போதாவதுதான் அசையும், அதற்குள் பேக்கிங் தளர்ந்துவிடும். அங்கே கிராஃபைட் பேக்கிங்கை ஸ்பிரிங் வாஷர்களால் எப்போதும் அழுத்தத்தில் வைக்கிறார்கள். நச்சு வாயு என்றால் உலோக பெல்லோஸ், அதாவது தண்டைச் சுற்றி மூடும் மடிப்புக் குழாய், போட்ட வால்வையே கேளுங்கள். விலை பார்க்க வேண்டிய இடம் அது இல்லை.

நன்றி, வணக்கம்.