தண்ணீர் ஓரமாக ஒரு மெதுநடை

நேயர்களுக்கு வணக்கம்.

காடு மலை என்று எங்காவது போகலாம் என்று பேச்செடுத்தாலே "நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறவர்கள் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள், இதய அறுவை முடிந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருக்கும் தாய்மார்கள், கண்பார்வை குறைந்தவர்கள். அவர்களிடம்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகக்கூடியவர்களும் கேட்டால் நல்லது. நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் மலையும் இல்லை, அருவியும் இல்லை, ஈரநில சரணாலயம்தான், அதாவது ஏரி, சதுப்பு மாதிரி தண்ணீர் தேங்கும் இடத்தைப் பறவைகளுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் பகுதி.

காரணம் எளிது. தேங்கி நிற்கும் தண்ணீர் சமமட்டத்தில்தான் நிற்கும், அதனால் அதைச் சுற்றியுள்ள கரையும் பெரும்பாலும் சமமாகவே இருக்கும், மூச்சு வாங்க ஏறவேண்டிய வேலையே பல இடங்களில் இல்லை. இன்னொன்று, மலையில் உச்சிக்குப் போனால்தான் காட்சி, ஆனால் ஈரநிலத்தில் உயிர்கள் அதிகம் இருப்பதே ஓரத்தில்தான். ஆழம் குறைந்த இடத்தில் வெயில் அடிவரை போகும், அங்கே பாசியும் நீர்ச்செடியும் வளரும், அதைத் தின்னப் பூச்சியும் தலைப்பிரட்டையும் மீன்குஞ்சும் வரும், அவற்றைத் தின்னப் பறவை வரும். இத்தனையும் கரையிலிருந்து சில அடி தூரத்துக்குள். மெதுவாகப் போகிறவருக்கு இங்கே எதுவும் குறைவதில்லை, உண்மையில் வேகமாக நடக்கிறவர்தான் பாதியைத் தவறவிடுகிறார்.

சின்னக் கொக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கால், ஆனால் விரல்கள் மட்டும் மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் சும்மா நிற்பதுபோல் தெரியும். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது என்ன செய்கிறது என்று புரியும்: ஒரு காலை முன்னால் வைத்து, சேற்றுக்குள் அந்த மஞ்சள் விரல்களைப் படபடவென்று நடுக்கும், உள்ளே ஒளிந்திருந்த மீனோ இறாலோ பயந்து வெளியே பாயும், பாய்ந்த நொடியில் கொத்திவிடும். நடந்துகொண்டே இருந்தால் இதைப் பார்க்கவே முடியாது. அப்புறம் முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை, இங்கே மூழ்கி எங்கே எழும் என்று பந்தயம் கட்டலாம், குழந்தைகளுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு வேண்டாம்.

அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் அன்ஹிங்கா டிரெய்ல் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. சுமார் 1.3 கிலோமீட்டர்தான், தார் போட்ட பாதையும் பலகைப் பாதையுமாக, சக்கர நாற்காலியில் போகலாம். இவ்வளவு சின்னப் பாதையிலேயே முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டரையும், நம் பாம்புத்தாராவின் உறவுக்காரப் பறவையான அன்ஹிங்காவையும் பக்கத்திலிருந்து பார்க்கலாம், பாதைக்கே அந்தப் பறவையின் பெயர்தான். அந்தப் பறவையின் இறகு நன்றாக நனைந்துவிடும், அதனால் சுலபமாக மூழ்கும், ஆனால் வெளியே வந்ததும் இறக்கையை விரித்துக் காயவைத்தே ஆகவேண்டும். அப்படி அது காய்ந்துகொண்டிருக்கும் நேரம்தான் நமக்கு அதை நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம்.

சரி, "எல்லோரும் போகலாம்" என்று பலகை மாட்டிவிட்டால் போதுமா? போதாது. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒரு பாதையில் 99 பங்கு நன்றாக இருந்து ஒரே ஒரு படி குறுக்கே வந்தாலும் சக்கர நாற்காலிக்காரருக்கு அந்த இடத்தோடு பாதை முடிந்தது.

பலகைப் பாதையை முதலில் பாருங்கள். பலகைகள் நாம் போகும் திசைக்குக் குறுக்கே போட்டிருக்க வேண்டும், நீளவாக்கில் போட்டிருந்தால் சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் இடுக்கில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும், ஊன்றுகோலின் நுனியும் அப்படித்தான். இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவில் இருந்தால் தண்ணீரும் வடியும், சக்கரமும் மாட்டாது. நனைந்த மரத்தில் பாசி பிடித்தால் வழுக்கும், அதற்குச் சொரசொரப்பான பட்டையோ கம்பி வலையோ பதித்திருக்க வேண்டும். இரண்டு ஓரமும் கொஞ்சம் உயர்ந்த விளிம்புக் கட்டை அவசியம், அது சக்கரம் தண்ணீருக்குள் போகாமல் தடுக்கும், வெள்ளைக்கோல் வைத்திருப்பவருக்கு வழியும் காட்டும். மண்பாதையில் நன்றாக இறுகிய கல்தூள் என்றால் பிரச்சினை இல்லை, உதிரியான ஜல்லி என்றால் தள்ளுகிறவர் கை ஓய்ந்துவிடும். சாய்தளத்தில் ஒரு அடி உயர்வதற்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான அளவு, 20 அடி இருந்தால் உடம்புக்கு நல்லது. பக்கவாட்டுச் சாய்வைப் பலர் கவனிப்பதே இல்லை. பாதை லேசாகத் தண்ணீர்ப் பக்கம் சரிந்திருந்தால்கூட நாற்காலி அந்தப் பக்கமே இழுக்கும், அதைத் திருத்தித் திருத்தி ஓட்டினால் ஒரு தோள் சீக்கிரமே வலிக்க ஆரம்பித்துவிடும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மறைகுடில்களில்தான். பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்க மரத்தில் கட்டிய அறை, நல்ல விஷயம். ஆனால் பல இடங்களில் அதன் ஜன்னல் நிற்கிறவரின் கண் மட்டத்தில் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டரில் இருக்கும், குழந்தைகளின் கண்ணும் அந்த உயரத்தை ஒட்டித்தான், அவர்களெல்லாம் இவ்வளவு தூரம் வந்து பலகைச் சுவரையா பார்ப்பது? ஜன்னலைத் தாழ்த்தி, கீழே முழங்கால் நுழைய இடம் விட்டால் போதும். பெரிய செலவும் இல்லை. லண்டனில் பயன்படாமல் போன நீர்த்தேக்கங்களை ஈரநிலமாக மாற்றி 2000இல் திறந்தார்கள். அந்த லண்டன் ஈரநில மையத்தில் மூன்று அடுக்குப் பறவைக் கோபுரம் ஒன்று இருக்கிறது, அதில் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து தெரியும் காட்சி படியேற முடியாதவருக்கும் உரியது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எளிய பாதை என்று சொல்லி வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கவிட்டு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன், பறவை நன்றாகத் தெரியும் இடத்துக்குத்தான் நல்ல பாதை போகவேண்டும்.

இப்படிப் பாதை போட்டால் உயிர்களுக்குத் தொந்தரவு இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூண்மேல் நிற்கும் பலகைப் பாதைக்கு அடியில் தண்ணீரும் மீனும் தடையில்லாமல் போகும், மனிதர்கள் எந்நாளும் ஒரே தடத்தில் வந்துபோவதைப் பறவைகளும் பழகிக்கொள்ளும். கூடு கட்டும் பகுதி முழுவதையும் பாதையே இல்லாமல் விட்டுவிட வேண்டும், அது யாருக்குமே கிடையாது, நன்றாக நடக்கிறவருக்கும் சேர்த்துத்தான்.

போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். "சக்கர நாற்காலியில் வரலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "வரலாம்" என்றுதான் பதில் வரும். பாதை மொத்தம் எவ்வளவு தூரம், எத்தனை மீட்டருக்கு ஒரு பெஞ்சு, அதில் எழுந்திருக்கக் கைப்பிடி உண்டா, நுழைவாயில் அகலம் எவ்வளவு, கழிப்பறை எங்கே, மழைக்குப் பிறகு எந்தப் பகுதி மூழ்கும் என்று கேளுங்கள். அதிகாலையில் போங்கள். கடலை ஒட்டிய சேற்றுவெளி என்றால் ஓதநேரமும், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரமும் பாருங்கள், நீர் வற்றும்போது சேற்றில் இரைதேடும் உள்ளான் பறவைகள் வெகுதூரத்தில் புள்ளியாகத் தெரியும், ஓதம் ஏற ஏற அவை கரைப்பக்கம் நெருங்கி வரும்.

பார்வை இல்லாதவர்களை இதற்கா கூட்டிப்போவது என்று தயங்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நாணல் ஓரம் கொஞ்சநேரம் நின்றால் தவளை ஒரு பக்கம், கதிர்க்குருவி ஒரு பக்கம், மீன் துள்ளும் சத்தம் ஒரு பக்கம் என்று அந்த இடத்தின் அமைப்பே காதுக்குப் பிடிபட்டுவிடும். பேசிக்கொண்டே கூட்டிப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

உடம்பில் பாதித் தெம்பு இருக்கும்போதே திரும்பிவிடுங்கள், வந்த தூரம் போகவும் வேண்டும் அல்லவா. வழியில் ஆடும் பலகையோ, உடைந்த பெஞ்சோ, புல் மூடிய திருப்பமோ கண்ணில் பட்டால் போனில் ஒரு படம் எடுத்து, வெளியே வரும்போது வாசலில் இருப்பவரிடம் அது எந்த இடம் என்று காட்டிவிட்டு வாருங்கள், அடுத்து ஒருவர் நாற்காலியில் வரும்முன் அதைச் சரிசெய்ய அவர்களுக்கு அது போதும்.