துணிச்சலை ஊறவைத்து அரைத்தால் இட்லி வருமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பத்து மணி தாண்டியும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கும் செல்லூர் மக்களே, வணக்கம். இதற்கு மேல் வணக்கம் சொன்னால் என் நேரத்தில் கழித்துவிடுவார்கள்.

கையில் காசு குறைவாக இருப்பவர் தனியாளாகத் தொழில் தொடங்க முதலில் வேண்டியது பணமா, துணிச்சலா? தலைப்பு இதுதான். நான் துணிச்சல் பக்கம். போன மாதம் வேறொரு ஊரில் இதே தலைப்பில் பணத்தின் பக்கம் பேசினேன். தோளில் கிடக்கும் இந்தத் துண்டு அங்கே போட்டதுதான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஐயா, முப்பத்தைந்து வருடம் வங்கியில் இருந்தவர். கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் புருவம் நிரந்தரமாகவே மேலே போய்விட்டது. அவர் என்ன கேட்டார்? "துணிச்சலை ஊறவைத்து அரைத்தால் இட்லி வருமா தம்பி?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் உலகத்தில் ஆயிரம் தொழில் இருக்க, ஐயா இட்லியைத் தொட்டாரே, அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

வைகைக்கு அந்தப் பக்கம் ஆரப்பாளையத்தில் எங்கள் வீடு. எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு துணிப்பையோடு புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. வருடம் 2012. அத்தையிடம் இருந்தது 320 ரூபாய். வீட்டில் ஒரு கிரைண்டரும் இருந்தது, அரசாங்கம் கொடுத்த விலையில்லா கிரைண்டர். நான்கு கிலோ இட்லி அரிசி, ஒரு கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், கவர், ரப்பர் பேண்ட் வாங்கினார். 320இல் நூறு ரூபாய்ச் சொச்சம்தான் மிச்சம். மாவு அரைத்து விற்கப்போகிறேன் என்றார்.

உளுந்தைப் போட்டார். சுவிட்சைத் தட்டினார். கிரைண்டர் இரண்டு சுற்றுச் சுற்றியது. அப்புறம்?

ஆமாம், கரண்ட் போய்விட்டது! 2012 என்று சொன்னதுமே சிரித்தீர்கள் பாருங்கள், உங்களுக்கு நான் கதையே சொல்ல வேண்டாம். கிரைண்டரை இலவசமாகக் கொடுத்தார்கள், அதைச் சுற்றவைக்கிற சாமானைத்தான் மறந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வந்ததா போனதா என்று தெரிவதற்குள் மறுபடி போகும்.

ஐயா, அந்த இடத்தில் உங்கள் பணம் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? ஒரு லட்சம் இருக்கட்டும். ஒரு லட்ச ரூபாயைக் கிரைண்டருக்குள் போட்டால் கல் சுற்றுமா? அத்தை ஒரு நிமிடம் இருட்டில் நின்றார். கொல்லைப்புறம் போனார். அங்கே ஆட்டுக்கல் கிடந்தது. அதன் குழியில் மழைத்தண்ணீர், பக்கத்தில் துணி துவைக்கிற சோப்பு, மேலே எங்கள் வீட்டுக் கோழி. கோழியை விரட்டினார். கல்லை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினார். "டேய், குழவியைப் பிடிடா" என்றார். பிளஸ் ஒன் படிக்கிற பையன் நான். இரவு பதினொன்றரை வரை ஆட்டினேன். மறுநாள் இயற்பியல் தேர்வில் சுழற்சி இயக்கம் பற்றிக் கேட்டார்கள். கை நடுக்கத்தில் எழுதவே முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பத்துக் கிலோவும் போய்விட்டது. அதற்கும் மறுநாள் பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து, "என்னக்கா போட்டீங்க, இட்லி பஞ்சு மாதிரி வந்துச்சு" என்றார்கள். அத்தை ஒரு அட்டையை எடுத்தார். ஒரு பக்கத்தில் 'கல்லில் ஆட்டிய மாவு, கிலோ 25' என்றும் மறுபக்கத்தில் 'கிரைண்டர் மாவு, கிலோ 20' என்றும் எழுதினார். கரண்ட் போன நாளில் முதல் பக்கம். கரண்ட் இருந்த நாளில் அட்டையைத் திருப்பிவிடுவார். பொய் சொல்லவே மாட்டார், அதுதான் எனக்கு ஆபத்து. தமிழ்நாடே கரண்ட் போனால் திட்டியது. எங்கள் அத்தை மட்டும் கரண்ட் வந்தால், "சே, வந்துருச்சு" என்பார். கிலோவுக்கு ஐந்து ரூபாய் நட்டமாம்!

இன்னொரு தடவை சொல்லட்டுமா? நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், வேண்டாம். ஆனால் அந்தக் கோழியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஐயா இன்னொன்றும் சொன்னார். பெரிய கம்பெனிகள் எல்லாம் பணத்தால் வளர்ந்தவையாம். லிஜ்ஜத் அப்பளம் தெரியுமல்லவா? 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். நம் கடலூரில் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு 1983இல் ஷாம்பு பாக்கெட் போட்டார், இன்று அது கெவின்கேர் கம்பெனி. அதற்கும் முன்னால் 1970இல் சந்திரமோகன் 13,000 ரூபாயில் சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் தொடங்கினார், இன்று அது ஹட்சன் பால் கம்பெனி. "அந்தக் காலத்தில் 13,000 சின்னத் தொகையா?" என்று ஐயா கேட்பார். இல்லைதான். ஒத்துக்கொள்கிறேன். அடுத்த பாயிண்டுக்குப் போவோம்.

பணம், பணம் என்கிறீர்களே, அது எங்கிருந்து வரும்? தண்டல்காரரிடம் பத்தாயிரம் என்று எழுதினால் கையில் எட்டாயிரத்து ஐநூறு வரும். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் கட்ட வேண்டும், மாவு புளித்தாலும் கட்ட வேண்டும். மாவை நம்பிப் பிழைக்க வந்தவர் கடைசியில் தண்டல்காரருக்குப் பயந்து மாவு ஆட்டிக்கொண்டிருப்பார். சரி, வங்கி? அத்தை ஒரு வங்கிக்குப் போனார், பெயர் வேண்டாம். "சொத்துப் பத்திரம் இருக்கா? ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இருக்கா?" என்றார்கள். சிறு தொழிலுக்கு ஜாமீன் இல்லாமல் முத்ரா கடன் என்று மத்திய அரசின் திட்டம் வந்தது 2015இல். அதற்குள் எங்கள் அத்தை மூன்று வருடம் மாவு ஆட்டி முடித்திருந்தார். ஆகவே ஐயா, அரிசியை ஊறவைக்க நாலு மணி நேரம் போதும், உங்கள் மனுவை ஊறவைக்கத்தான் மூன்று வருடம்!

ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்கிறார் நடுவர். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைத் துணிச்சல் கணக்கில் எழுதுவதா, பணக் கணக்கில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

2013இல் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் கட்டணம் முழுக்க அத்தையின் மாவுக் காசு. எல்லாம் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டு. ஈரக்கையால் வாங்கி வாங்கிப் போட்ட நோட்டு. கட்டணம் வாங்குகிறவர் எண்ணும்போது மூக்கைச் சுளித்தார். "என்னப்பா, புளிச்ச வாடை அடிக்குது?" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் பையன்கள், பெண்கள். "தெரியல சார். மளிகைக் கடையில சில்லறை மாத்துனது" என்றேன்.

இரண்டு அடி தள்ளி அத்தை நின்றுகொண்டிருந்தார்.

பேருந்தில் வரும்போது ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். நானும் மறந்துவிட்டேன்.

அடுத்த செமஸ்டர் பணத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நோட்டெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகத் தேய்த்து அடுக்கி இருந்தது. எண்ணுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் விரலில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. அரிசி மாவோ என்று முகர்ந்து பார்த்தேன்.

முகத்துக்குப் போடுகிற பவுடர்.

மணி அடித்துவிட்டார்கள். வருகிறேன், வணக்கம்.