ஆசிரியரை ஆக்குவது பற்றே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நல்லாசிரியரை உருவாக்குவது பணிமேல் உள்ள பற்றா, சொந்த முன்னேற்ற ஆசையா? மேலே போகத் துடிப்பவரே வகுப்பிலும் சிறப்பார் என்றார்கள் எதிரணியினர்.

ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளையே எடுத்துக்கொள்வோம். 150 மதிப்பெண், ஐந்து பகுதிகள், பகுதிக்கு 30 கேள்விகள், எல்லாம் கொள்குறி வகை. அந்தத் தேர்வு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஏன் வாசிக்கத் திணறுகிறது என்று கண்டறியும் திறமையை அதில் எந்தக் கேள்வி அளக்கிறது?

பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும். நாம் ஏமாந்துவிடுவோம். வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வையுங்கள். வரியை முதலிலிருந்து தொடங்கினால்தான் அந்தச் சொல் வருகிறது என்றால், அது மனப்பாடம். அடுத்து, புத்தகத்தில் இல்லாத சொல் ஒன்றை எழுதிக் காட்டுங்கள். தவறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: எழுத்தே தெரியாது, எழுத்தோடு சேரும் கால், கொம்பு போன்ற குறி குழம்பும், அல்லது எழுத்துகளைத் தனித்தனியே சொல்லியும் சேர்த்துச் சொல்ல வராது. மூன்றுக்கும் மருந்து வேறு. எழுத்து தெரியாத பிள்ளைக்கும் சேர்க்கத் தெரியாத பிள்ளைக்கும் ஒரே பக்கத்தைப் பத்து முறை எழுதக் கொடுப்பது வீண். பார்த்து எழுதுவதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லையே!

குறிகளில்தான் பெரிய சிக்கல். 'கா, மா, பா' எளிது. கால் எங்கும் ஒன்றுபோலவே நிற்கும். 'கு, சு, து, மு' அப்படியல்ல, எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். 'கெ'யில் ஒலி பின்னால் வர, கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ'வில் இருபுறமும் குறி. இவற்றை ஒரே வாரத்தில் திணித்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? கால் குறியை முடித்து, கி, கீ பழகி, உகரத்தைப் பிறகு தொடுவதே நல்லது.

இப்படிப் பார்க்க ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் வேண்டும். நாளுக்கு ஆறு பேர் என்றால், 30 பேருக்கு ஐந்து நாள். ஒரு சுற்று போதாது. சில வாரம் கழித்து மறுபடியும் உட்கார வேண்டும். இதற்குச் சான்றிதழ் இல்லை, ஊக்க ஊதியம் இல்லை, பணிப்பதிவேட்டில் ஒரு வரி கூட ஏறாது.

பற்றுள்ளவர் பட்டினி கிடக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. முழுச் சம்பளமும் உரிய பதவி உயர்வும் அவருக்குக் கிடைக்கட்டும். ஆனால் ஆசையைக் கொண்டே வகுப்பை நடத்திவிடலாம் என்கிறீர்களே, எதற்கும் கணக்கில் சேராத அந்த ஐந்து நிமிடத்துக்கு உங்கள் ஆசைக்காரர் எதற்காக உட்காருவார்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.