கிங் கிட்ட படிக்க வேண்டியது பேச்சை இல்ல, பஸ்ஸை!

வணக்கம் மக்களே. கன்னியாகுமரியில காந்தி மண்டபத்துக்குப் பக்கத்துல நின்னு பேசுறேன், காத்துச் சத்தம் கூடுதலா கேக்கும், பொறுத்துக்கிடுங்க. 1959 பிப்ரவரியில, அமெரிக்காவுல கறுப்பர் உரிமைக்காகப் போராடின பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் தன் மனைவி கொரெட்டாவோட இந்த முனைக்கு வந்தாரு. அப்போ காந்தி மண்டபம் உண்டு. பாறையில விவேகானந்தர் மண்டபமும் கிடையாது, வள்ளுவர் சிலையும் கிடையாது. ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறினதை இங்க நின்னு பாத்தாரு. அதைப் பிறகு அவரு ஊர்ல சொல்லவும் செஞ்சாரு.

கிங் பத்தி வீடியோன்னா எல்லாரும் "எனக்கொரு கனவு"ன்னு வர்ற அந்த வாஷிங்டன் பேச்சைத்தான் போடுவாங்க. நான் போடப் போறதில்ல. பேச்சு வரம், அது எல்லாருக்கும் வராது. ஆனா 1955-ல அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில பஸ்ல கறுப்பரையும் வெள்ளையரையும் பிரிச்சு உக்கார வச்ச பிரிவினையை எதிர்த்து, 381 நாள் அந்த ஊர்க் கறுப்பர் பஸ் ஏறாம இருந்தாங்களே, அதை நடத்தின விதம் யாருக்கும் படிக்கலாம். உங்க ஊருக்கு வந்துட்டிருந்த பஸ்ஸை நிறுத்திட்டான், குடிதண்ணி வரல, ரோடு போடலன்னு நிக்கிற ஆளுங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

முதல்ல ஒரு விஷயம். இதை ஆரம்பிச்சது கிங் இல்ல. டிசம்பர் 1, வியாழக்கிழமை, பஸ்ல வெள்ளையருக்கு இடம் விட்டு எந்திரிக்க மாட்டேன்னு சொன்ன ரோசா பார்க்ஸ்ங்கிற கறுப்பினப் பெண் கைதானாங்க. அன்னைக்கு ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன்னு ஒரு கல்லூரி ஆசிரியை சைக்ளோஸ்டைல் மெஷின்ல ஆயிரக்கணக்குல நோட்டீஸ் அடிச்சாங்க. அவங்களோட பெண்கள் அமைப்பு பஸ் பிரச்சினையை அதுக்கு முன்னாடியே கையில எடுத்து வச்சிருந்துது. நோட்டீஸ்ல கேட்டது ஒண்ணே ஒண்ணு: திங்கள்கிழமை பஸ் ஏறாதீங்க. ஒரே ஒரு நாள்! திங்கள் காலையில பஸ் காலியா ஓடுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் சர்ச்சுல கூட்டம் போட்டு, தொடரலாமான்னு ஜனங்க கிட்டயே கேட்டாங்க. நம்மூர்ல முதல் கூட்டத்துலயே "காலவரையற்ற"ன்னு அறிவிச்சிட்டு, மூணாம் நாள் பந்தல்ல ஆள் இல்லாம நிக்கிறோம். ஒரு நாள் வச்சுப் பாருங்க, எத்தனை பேர் வாறாங்கன்னு எண்ணுங்க, அதுக்குப் பிறகு நீட்டுங்க.

அதே திங்கள்கிழமைதான் கிங்கைத் தலைவரா எடுத்தாங்க. வயசு 26. ஊருக்கு வந்தே அதிகநாள் ஆகல. அதனால உள்ளூர் கோஷ்டி எதுலயும் அவர் பேர் அடிபடல, அதுவும் அவரை எடுக்க ஒரு காரணம். கமிட்டிக்குத் தலைவர் தேடுறவங்க இதைக் கவனிங்க. சத்தமா பேசுற ஆளை விட, ரெண்டு தெருவும் ஒத்துக்கிடுற ஆள் நல்லது.

கோரிக்கைக்கு வாறேன். ஆரம்பத்துல அவங்க கேட்டது மூணு. ஓட்டுநர் மரியாதையா நடத்தணும். முதல்ல வந்தவங்க முதல்ல உக்காரணும். கறுப்பர் பின்னாடியிருந்து, வெள்ளையர் முன்னாடியிருந்து. கறுப்பர் அதிகமா போற தடத்துல கறுப்பர் ஓட்டுநர் வேணும். கவனிச்சீங்களா, பிரிவினையை முழுசா எடுக்கணும்னு கூட முதல்ல கேக்கல. அந்தச் சின்னக் கோரிக்கையையும் நகரசபை மறுத்துது. மறுத்த பிறகுதான் 1956 பிப்ரவரி 1-ஆம் தேதி வக்கீல் ஃப்ரெட் கிரே பெடரல் கோர்ட்டுல, அதாவது மாநிலத்துக்கு மேல உள்ள மத்தியக் கோர்ட்டுல, தனி வழக்கு போட்டாரு. ரோசா பார்க்ஸ் அந்த வழக்குல வாதி இல்ல, ஏன்னா அவங்களோட சொந்த வழக்கு மாநிலக் கோர்ட்டுலயே கிடந்து இழுக்கும். வேற பெண்களை வச்சுப் போட்டாங்க. அதுல கிளாடெட் கால்வின் ஒருத்தி, பஸ்ல எந்திரிக்க மாட்டேன்னு ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே கைதான 15 வயசுப் பொண்ணு. தெருவுல ஒரு வேலை, கோர்ட்டுல ஒரு வேலை, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுச்சு. கடைசியில ஜெயிச்சுக் கொடுத்தது அந்த வழக்குதான்.

இப்போ வண்டிக் கணக்கு. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. பஸ் ஏறாதேன்னு சொல்லியாச்சு. வேலைக்கு எப்படிப் போறது? முதல்ல கறுப்பர் டாக்ஸிகள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏத்தினாங்க. உடனே போலீஸ், குறைஞ்ச கட்டணம் 45 சென்ட்டுன்னு சட்டத்தைக் காட்டுச்சு. அந்த வழி அடைஞ்சுது. கிங் உடனே, 1953-ல லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜ்ல இதே மாதிரி நடத்தின ஜெமிசன் பாதிரியாருக்கு போன் போட்டு முறையைக் கேட்டாரு. பிறகு சொந்தக் கார் வச்சிருக்கவங்க சுமார் 300 வண்டி கொடுத்தாங்க. காலையில ஏத்த 48 இடம், சாயங்காலம் திரும்ப ஏத்த 42 இடம்னு சில நாள்லயே குறிச்சாச்சு.

இதை நம்ம கணக்குல போட்டுப் பாப்போம். உங்க ஊர்லயிருந்து வடசேரிக்கோ மார்த்தாண்டத்துக்கோ காலையில 60 பேர் போகணும்னு வையுங்க. 7 மணியிலிருந்து எட்டரை வரை, ஒன்றரை மணி நேரம். ஆட்டோவுல சட்டப்படி மூணு பேர். போய்த் திரும்ப அரை மணின்னா, ஒரு ஆட்டோ மூணு நடை, 9 பேர். அறுபதை ஒன்பதால வகுத்தா 7 ஆட்டோ. ஒண்ணு பஞ்சராகும், ஒருத்தர் வீட்டுல கல்யாணம் வரும். அதனால 9 பேசி வைக்கணும். இந்தக் கணக்கு போடாம "மக்கள் ஒத்துழைப்பாங்க"ன்னு சொல்றவரை நம்பாதீங்க. சாயங்காலக் கணக்கு வேற, அதையும் தனியா போடணும். காலையில எல்லாரும் ஒரே நேரம் கிளம்புவாங்க, திரும்பும்போது அப்படி இல்ல. மீன் விக்கிற அம்மா மத்தியானமே திரும்புவாங்க, துணிக்கடைப் பிள்ளைங்க ராத்திரி 9 மணிக்கு.

எங்க உடையும்? மாண்ட்கோமரியில இன்சூரன்ஸ்ல உடைஞ்சுது. சர்ச்சு பேர்ல வாங்கின ஸ்டேஷன் வேகன்களுக்கு உள்ளூர்ல இன்சூரன்ஸை ரத்து பண்ணிட்டாங்க. கடைசியில லண்டன் லாயிட்ஸ் வழியா எடுத்தாங்க. பிறகு லைசென்ஸ் இல்லாம போக்குவரத்து நடத்துறாங்கன்னு நகரசபை கோர்ட்டுக்குப் போச்சு. நம்மூர்லயும் வெள்ளை போர்டு கார்ல தலைக்கு இவ்வளவுன்னு வாங்கி ஏத்தினா பெர்மிட் மீறல். விபத்து நடந்தா இன்சூரன்ஸ் பணம் சிக்கிக்கிடும். அதனால பெர்மிட் உள்ள வண்டியை ஊர்ப் பொதுவுல வாடகை பேசுங்க, ரசீது வாங்கி வையுங்க.

அடுத்தது வதந்தி. 1956 ஜனவரி 21, சனிக்கிழமை ராத்திரி. நகரசபை மூணு பாதிரியாரைக் கூப்பிட்டுப் பேசிட்டு, போராட்டம் முடிஞ்சுதுன்னு பத்திரிகைக்குச் செய்தி கொடுத்துட்டாங்க. மறுநாள் காலையில பேப்பர் வந்தா திங்கள்கிழமை பாதிப் பேர் பஸ் ஏறிருவாங்க. வெளியூர் பத்திரிகையாளர் கார்ல் ரோவன் போன்ல கிங் கிட்ட கேக்கப் போயி விஷயம் முன்னாடியே தெரிஞ்சுது. கிங்கும் கூட்டாளிகளும் அன்னைக்கு ராத்திரியே குடிக்கிற கடை, ஆட்டம் நடக்கிற இடம்னு ஏறி இறங்கி, பொய், நம்பாதீங்கன்னு சொன்னாங்க. காலையில எல்லா சர்ச்சுலயும் அறிவிப்பு. சர்ச்சுக்கு வராத ஆளுங்க எங்க இருப்பாங்கன்னு பாதிரியாரான கிங்குக்குத் தெரிஞ்சிருந்துது பாருங்க! வாட்சப் குரூப்ல மறுப்பு போட்டா போதும்னு நினைக்காதீங்க. டீக்கடை, கடப்புறம், ரப்பர் பால் வெட்டுற இடம், இங்க நேர்ல போய்ச் சொல்ல யார் யாருன்னு முன்னாடியே பேர் எழுதி வையுங்க.

பயிற்சியையும் சொல்லணும். வழக்கு ஜெயிச்சு பஸ் ஏறப்போற நேரத்துல, சர்ச்சுல நாற்காலியை பஸ் மாதிரி வரிசையா போட்டாங்க. ஒருத்தர் ஓட்டுநர், சிலர் வெள்ளைக்காரப் பயணி. திட்டுவாங்க, தள்ளுவாங்க, மத்தவங்க பொறுக்கணும். நடிச்சவங்க சில நேரம் நிஜமாவே கோபப்பட்டுட்டாங்க, அதைப் பேசித் திருத்தினாங்க. சட்டம் மாறுறதுக்கு முன்னாடி ஆளைத் தயார் பண்றது நம்ம மாவட்டத்துக்குப் புதுசு இல்ல. அய்யா வைகுண்டர் சாமித்தோப்புல எல்லாச் சாதிக்கும் முத்திரிக்கிணறு ஒண்ணேன்னு வச்சாரு, தலைப்பாகை கட்டிக் கும்பிட வச்சாரு. தோள்சீலைப் பிரச்சினையில, பெண்கள் மேலாடை போட அனுமதிச்சு 1859-ல திருவிதாங்கூர் அரசாணை வந்தபோது, நிமிர்ந்து நிக்கப் பழகின ஜனங்க இங்க ஏற்கெனவே இருந்தாங்க.

கிங் எல்லா இடத்துலயும் ஜெயிக்கல. 1961, 62-ல ஜார்ஜியாவுல ஆல்பனி. அங்க எல்லாப் பிரிவினையையும் ஒரே மூச்சுல எதிர்த்தாங்க, குறி சிதறிப்போச்சு. போலீஸ் தலைவர் பிரிட்செட் அடிக்காம கைது பண்ணி, பக்கத்து ஊர் ஜெயில்களுக்கு அனுப்பினாரு. ஜெயிலை நிரப்பலாம்னு போட்ட திட்டம் நடக்கல. 1963-ல அலபாமாவுல உள்ள பர்மிங்ஹாம் போகும்போது அதைத் திருத்திக்கிட்டாங்க. வியாபாரம் சூடான ஈஸ்டர் நேரமா பாத்து, நகர மையக் கடைகளை மட்டும் குறி வச்சாங்க. வயாட் டீ வாக்கர்னு ஒருத்தர் முன்னாடியே போயி, கடையில சாப்பிட உக்காருற ஸ்டூல் எத்தனை, உள்ள வர வழி எது, வெளியே போற வழி எதுன்னு எண்ணிக்கிட்டு வந்தாரு.

அந்த "எண்ணிக்கிட்டு வர்ற" வேலை நமக்கு இப்படி. நிறுத்தின பஸ்ஸோட தடம் எண், பழைய நேரம், எத்தனை பேருக்கு எந்த வேலை பாதிக்குது, இதை 15 நாள் நோட்டுல எழுதுங்க. ஏன் நிறுத்தினாங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் மனு நாள், ரசீது வாங்காம வராதீங்க. கிராம சபையில தீர்மானம் போடுங்க, நகல் கையில இருக்கட்டும். பேச்சுவார்த்தைக்கு ஒருத்தரா போகாதீங்க, மூணு பேரா போங்க. மாண்ட்கோமரியில மூணு பாதிரியாருக்கு நடந்தது நினைவிருக்கில்ல, அதனால பேசினதை அன்னைக்கே ஊர்ல வாசிச்சிருங்க.

1956 டிசம்பர் 21, காலையில கிங் பஸ் ஏறினாரு. ஒரு வாரத்துக்குள்ள பஸ் மேல துப்பாக்கிச் சூடு ஆரம்பிச்சுது, நகரசபை ராத்திரி ஓட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துச்சு. அதனால உங்க பஸ் திரும்ப வந்தாலும் நோட்டை மூடாதீங்க. இன்னும் ஒரு மாசம் ஸ்டாப்புல ஒருத்தர் உக்காந்து, வந்த நேரம், வராத நாள் எழுதணும். யாரு எழுதுறாங்கன்னு வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு முறை வச்சிருங்க.