ஒரு டாலரில் பிறந்த நூறு கோடி

[திரையில்: காலி மேசை, அதன்மேல் ஒரே ஒரு நாணயம்]

இப்போதே நான் 100 கோடி கிரிப்டோ டோக்கன்களை, அதாவது கணினியில் மட்டும் இருக்கும் டிஜிட்டல் நாணயங்களை, உருவாக்குகிறேன். சில நிமிட வேலை, சொற்பச் செலவு. அவற்றில் ஒன்றே ஒன்றை நண்பரிடம் ஒரு டாலருக்கு விற்கிறேன். என் டோக்கனின் சந்தை மதிப்பு இப்போது என்ன? கடைசியாக விற்ற விலையை மொத்த எண்ணிக்கையால் பெருக்குங்கள்: 100 கோடி டாலர்! என் கையில் இருப்பதோ ஒரு டாலர். அதுவும் நண்பர் கொடுத்தது.

ஏதாவதொரு கிரிப்டோ திட்டத்தைக் காட்டி “இதற்குள் இத்தனை கோடி வந்துவிட்டது” என்று யாராவது முழங்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தை மதிப்பு, உள்ளே வந்த பணம் அல்ல. எல்லோரும் ஒரே நாளில் விற்கப் போனால் கைக்கு வரும் பணமும் அல்ல. நீங்கள் விற்கும் நேரத்தில் வாங்குவதற்கு எதிரில் எவ்வளவு பணம் நிற்கிறது என்பதே கேள்வி. அதற்குப் பெயர் லிக்விடிட்டி. ஆரவாரத்தில் அந்தச் சொல் மட்டும் ஏனோ காதில் விழுவதில்லை.

[திரையில்: செங்குத்தாகச் சரியும் வரைபடம்]

அடுத்தது வட்டி. டெர்ரா என்ற கிரிப்டோ திட்டத்தில் யூஎஸ்டி (UST) என்றொரு நாணயம் இருந்தது. அது எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும் என்றார்கள். அதைத் தாங்கியது டாலர் இருப்பு அல்ல, லூனா என்ற இன்னொரு டோக்கன். யூஎஸ்டியை ஆங்கர் என்ற தளத்தில் போட்டு வைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 சதவீதம் வட்டி. கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி அதற்குப் போதவில்லை. துண்டு விழுந்ததைக் கையிருப்பிலிருந்து ஈடுகட்டினார்கள். அந்தக் கையிருப்பும் கரையவே, 2022 பிப்ரவரியில் 45 கோடி டாலர் புதிதாகக் கொட்டப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் சுமார் 80 டாலராக இருந்த லூனா, அந்த மாதம் பாதி முடிவதற்குள் ஒரு சென்டுக்கும் கீழே போனது.

முன்பே சந்தேகம் எழுப்பியவர்கள் இருந்தார்கள். 2021இல் ஒரு பொருளாதார விமர்சகருக்கு நிறுவனர் டோ க்வான் சொன்ன பதில், ஏழைகளோடு தான் விவாதிப்பதில்லை என்பது. கேள்விக்கு அதில் பதில் இல்லை. கைதட்டல் மட்டும் கிடைத்தது. 2025இல் அவர் நியூயார்க் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கேள்வி கேட்பவரை விரட்டுவதற்கென்றே டோக்கன் வாங்கியவர்களின் இணையக் குழுக்களில் ஒரு சொல் உண்டு: ஃபட் (FUD). பயம், நிச்சயமின்மை, ஐயம் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். டோக்கனை வாங்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அதன் சம்பளமில்லாத விற்பனையாளர். பெரும்பாலானோர் பொய் சொல்வதில்லை. தாங்கள் நம்ப விரும்புவதையே உரக்கச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், பொய்யைவிட இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

பிட்காயின் 2009 முதல் ஓடிக்கொண்டிருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது ஓடுவது வேறு, நேற்று முளைத்த டோக்கன் ஓடும் என்பது வேறு.

[திரையில்: முகவரிகளின் பட்டியல்]

உங்களிடம் ஒரு டோக்கனை யாராவது புகழ்ந்தால், பிளாக்செயின் எக்ஸ்ப்ளோரரில் (டோக்கன் பரிமாற்றப் பதிவுகளை யாரும் பார்க்கக்கூடிய இணையதளம்) அந்த டோக்கனை அதிகம் வைத்திருக்கும் முதல் பத்து முகவரிகளை, அதாவது கணக்குகளைப் பாருங்கள். அவற்றில், டோக்கன்களை வாங்கி விற்கும் பரிமாற்றத் தளங்கள் பல வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் பொதுக் கணக்குகளைக் கழித்துவிடுங்கள். பிறகு, நிறுவனர்கள் தங்கள் பங்கை விற்க முடியாதபடி போட்ட பூட்டு எந்தத் தேதியில் திறக்கிறது என்று திட்ட ஆவணத்தில் தேடுங்கள். அந்தத் தேதி நெருங்கும்போது குழுவில் “மாபெரும் அறிவிப்பு விரைவில்” என்ற பதிவுகள் பெருகுகின்றனவா என்று கவனியுங்கள்.