கம்பளத்துக்குப் போட்ட சட்டம், போனுக்கு வந்த பில்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குப் பெரிய கம்பெனிகளின் காப்புரிமைச் சண்டை, அதாவது பேடண்ட் கேஸ் பற்றிப் பேசப்போகிறோம். காப்புரிமை என்றதும் பாட்டுத் திருட்டு, கதைத் திருட்டு என்று கமெண்டில் ஆரம்பித்துவிடாதீர்கள். அது பதிப்புரிமை. இது வேறு: ஒரு கண்டுபிடிப்பையோ பொருளின் டிசைனையோ மற்றவர்கள் காப்பியடிக்காமல் இருக்க வாங்கி வைக்கிற உரிமை.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஐபோன் கையில் இருந்தால் ஏதாவது ஒரு பட்டியலைக் கடைசி வரைக்கும் தள்ளுங்கள். முடிந்த இடத்தில் சட்டென்று நிற்காமல், ரப்பர் பேண்ட் மாதிரி கொஞ்சம் இழுபட்டுத் திரும்பி வருகிறதா? அந்தக் குட்டித் துள்ளலுக்கு ஒரு பேடண்ட் இருந்தது. அமெரிக்காவில் ஆப்பிள் சாம்சங் மீது 2011 ஏப்ரலில் போட்ட வழக்கில் அதுவும் ஓர் ஆயுதம். சாம்சங் பிறகு தன் போன்களில் துள்ளலை எடுத்துவிட்டு, ஓரத்தில் நீல வெளிச்சம் வருகிற மாதிரி மாற்றியது. பழைய கேலக்ஸி வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அழகுக்காக வைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்!

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயத்தில் ஐபோனுக்கு உள்ளே இருந்த சிப்பைத் தயாரித்துக் கொடுத்ததே சாம்சங்தான். ஒரு பக்கம் வியாபாரம், மறுபக்கம் வழக்கு.

2011 அக்டோபரில் நீதிபதி லூசி கோ முன்னால் நடந்த விசாரணையில் ஒரு காட்சி. அவர் ஐபேடையும் கேலக்ஸி டேபையும் இரண்டு கைகளிலும் தூக்கிப் பிடித்து, சாம்சங் தரப்பு வழக்கறிஞரிடம் இதில் உங்களுடையது எது என்று கேட்கிறார். இடையில் பத்தடி தூரம்தான். இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை என்று பதில் வருகிறது. அடுத்த கணம் அதே தரப்பில் இன்னொருவர் சரியாகச் சொல்லிவிட்டார், ஆனால் சொன்னது சொன்னதுதானே. ஆனாலும் பாருங்கள், கடைசியில் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைத்த குடிமக்கள் குழு, அந்த டேப்லெட் வடிவத்துக்காக சாம்சங்கைக் குற்றம் சொல்லவில்லை. போன்களில்தான் மாட்டிக்கொண்டது.

2012 ஜூலை 30 அன்று சான் ஹோசே நகரில் ஜூரி விசாரணை தொடங்கியது. ஆளுக்கு 25 மணி நேரம்தான் என்று நீதிபதி கணக்கு வைத்துவிட்டார். ஜூரியில் ஒன்பது சாதாரணக் குடிமக்கள். அவர்களுக்குப் படித்துக்காட்டிய சட்ட விளக்கமே 109 பக்கம். யாரும் தூங்கிவிடக் கூடாது என்று நடுநடுவே எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார் நீதிபதி. அப்புறம் கையில் கொடுத்தது 20 பக்கப் படிவம். நான் அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாக போன் மாடல்களின் பெயர், எதிரே ஆம், இல்லை என்று எழுதக் கட்டம். இப்படிச் சுமார் 700 கேள்விகள்.

மூன்று நாள் முழுசாகவில்லை, பதில் வந்துவிட்டது: 105 கோடி டாலர். வாசித்த பிறகுதான் தெரிந்தது, மீறலே இல்லை என்று அவர்களே எழுதிய ஒரு டேப்லெட்டுக்கும் நஷ்டஈடு போட்டிருக்கிறார்கள். திரும்ப உள்ளே போய்ச் சரிபார்த்து, சுமார் 25 லட்சம் டாலரைக் குறைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 700 கட்டத்தை நீங்களும் நானும் நிரப்பியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். அடுத்த வருஷம் நீதிபதியே அதில் 45 கோடியை ரத்து செய்து, மறுபடி கணக்குப் போட வேறொரு ஜூரியை உட்காரவைத்தார். ரத்தான அந்தப் பங்குக்கு மட்டும் அவர்கள் சொன்னது 29 கோடி.

சரி, ஏன் இவ்வளவு பெரிய தொகை? இங்கேதான் விஷயமே இருக்கிறது. துள்ளலுக்கு இல்லை. காசு முக்கால்வாசி தோற்றத்துக்கு: முனை மழுங்கிய செவ்வகம், சுற்றிலும் ஒரு விளிம்பு, கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாக ஐகான்.

இதற்காக 1885-க்குப் போக வேண்டும். கம்பள டிசைனைக் காப்பியடித்த வழக்கில், டிசைனால் எவ்வளவு லாபம் என்று பிரித்து நிரூபிக்க முடியவில்லை என்பதால், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெறும் 6 சென்ட் கொடுத்தது. டிசைன்காரர்கள் கொதித்துப்போனார்கள். 1887-இல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது: டிசைனைக் காப்பியடித்தால் அந்தப் பொருளில் வந்த மொத்த லாபத்தையும் கொடு. கம்பளத்துக்கு இது நியாயம். பூ வேலைப்பாடு பிடித்துத்தானே கம்பளம் வாங்குகிறோம். போனை மழுங்கின முனைக்காகவா வாங்குகிறோம்? கேமரா, பேட்டரி, சிக்னல் எல்லாம் எங்கே போயிற்று?

சாம்சங் இதையே கேட்டுக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 டிசம்பரில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: "பொருள்" என்பது கடையில் விற்கிற முழு போனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதில் ஒரு பாகமாகவும் இருக்கலாம். சாம்சங்குக்குப் பெரிய வெற்றி. ஆனால் எது பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வழிமுறையை அவர்கள் வகுக்கவில்லை, கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பிவிட்டார்கள்.

2018 மே மாதம் இன்னொரு ஜூரி. உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது டிசைன் பங்கு 39.9 கோடி டாலர். பாகமாகவும் இருக்கலாம் என்று ஆன பிறகு அது குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? 53 கோடிக்கு மேல் போட்டார்கள்! துள்ளல் மாதிரியான தொழில்நுட்பப் பேடண்டுகளுக்குக் கிடைத்தது 50 லட்சத்துச் சொச்சம். அடுத்த மாதமே இரண்டு கம்பெனியும் சமரசம் பேசி வழக்கை முடித்துக்கொண்டன. எவ்வளவு கைமாறியது என்று வெளியே சொல்லவில்லை.

அடுத்த வீடியோவில் ஆப்பிள், சிப் கம்பெனியான குவால்காம் கதை. 2019 ஏப்ரலில் சான் டியேகோ நீதிமன்றத்தில் தொடக்க வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே சமரசச் செய்தி வந்த வழக்கு அது. பார்க்கலாம், வரேன்.