படகுக்கு எந்தப் பாலிஷர்? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். வந்திருந்த சந்தேகங்களில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மற்றவற்றை அடுத்த முறை பார்ப்போம். இன்று இது ஒன்றுதான்.

நேயர் கேட்கிறார்: "என்னிடம் ஏழு மீட்டர் நீள ஃபைபர் படகு இருக்கிறது. வெள்ளை நிறம், வெயிலில் மங்கிவிட்டது. மெழுகு போட்டுப் பளபளப்பாக்க ஒரு மெஷின் வாங்க வேண்டும். ரோட்டரியா, ஆர்பிட்டலா? வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறதே, அதில் கம்பளி பேட் மாட்டினால் ஆகாதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஆகாது. கிரைண்டரும் ரோட்டரி பாலிஷரும் பார்வைக்கு அண்ணன் தம்பிதான். ஆனால் சாதாரண சிறிய கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். நமக்கு வேண்டியது 600 முதல் 2,000 வரை. கிரைண்டர் வேகத்தில் பேட் தொட்ட இடம் சில நொடிகளில் கருகிவிடும். அதோடு, பாலிஷ் பேடும் அதைத் தாங்கும் தட்டும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. பிய்ந்து முகத்தில் அடிக்கும். கிரைண்டரை வெட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரோட்டரியா, ஆர்பிட்டலா என்பதற்கு வருவோம். ஆனால் ஐயா, நீங்கள் மெஷினைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கோ உங்கள் படகின் மேல்தோல் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஃபைபர் படகின் பளபளப்பு பெயின்டில் இல்லை, ஜெல்கோட் என்னும், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலியஸ்டர் ரெசின் பூச்சில் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் மேற்பரப்பு சிதைந்து வெண்பொடியாகிறது. கறுப்புத் துணியால் ஓர் இடத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பொடி ஒட்டி வருகிறதா? தண்ணீர் தெளித்தால் நிறம் திரும்பி, காய்ந்ததும் மறுபடி மங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் உங்களுக்கு இப்போது வேண்டியது மெழுகே இல்லை.

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. மெழுகு பளபளப்பைத் தராது. இருக்கிற பளபளப்பைக் காக்கும். பொடியை அறுத்து நீக்கும் பசை காம்பவுண்ட், மெருகேற்றுவது பாலிஷ், இவை முடிந்த பிறகுதான் மெழுகு. பொடியின் மேல் மெழுகு போடுவது புழுதி படிந்த மேசைக்கு வார்னிஷ் அடிப்பதற்குச் சமம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், துணியுறை மாட்டிய பெரிய வட்டமான மெஷின் ஒன்று வாங்கினார். பெட்டியில் மெழுகு மெஷின் என்றே போட்டிருந்தது. முழுப் படகுக்கும் மெழுகு போட்டார். ஈரத்தில் நிற்பதுபோல் மின்னியது, என்னை அழைத்துக் காட்டினார். சில வாரங்களில் பழையபடி மங்கிவிட்டது. மெஷின் கெட்டது என்று அவர் நினைத்தார். மெஷின் நல்ல மெஷின்தான். மெழுகைப் பரப்புவதற்கென்று செய்யப்பட்டது. பொடியை அறுக்கும் பலம் அதற்குக் கிடையாது. பிறகு அந்த மெழுகு முழுவதையும் கரைப்பானால் துடைத்தெடுத்துவிட்டுத்தான் காம்பவுண்ட் போட முடிந்தது.

சரி, மெஷின். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். கடுமையான பொடியை அதுபோல் வேகமாக நீக்குவது வேறில்லை. ஆனால் ஒரே இடத்தில் சூடு ஏற்றும். விளிம்பிலும் மூலையிலும் கொஞ்சம் அழுத்தினால் ஜெல்கோட் தீர்ந்து அடியிலுள்ள இழை தெரியும். வட்ட வட்டமான கோடுகளையும் விட்டுவிடும். கருநீலம் போன்ற நிறங்களில் அவை வெயிலில் பளிச்சென்று தெரியும். இரட்டை இயக்க ஆர்பிட்டல் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும், அதனால் சூடு பரவிவிடும். 15 அல்லது 21 மில்லிமீட்டர் என்று பெட்டியில் இருப்பது அந்த ஆட்டத்தின் அளவு. அதன் குறை, வளைவில் அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் நடுக்கம் மட்டும் மிஞ்சும். பேட் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு சுற்றவில்லை என்றால் வேலையும் நடக்கவில்லை. படகில் தட்டையான இடம் எங்கே இருக்கிறது? ஆகவே ஒரே ஒரு மெஷின்தான் வாங்குவேன் என்றால், கியர் மூலம் கட்டாயமாகச் சுழலும் இரட்டை இயக்க மெஷினை வாங்குங்கள். அழுத்தினாலும் நிற்காது, ரோட்டரி அளவுக்கு ஆபத்தும் இல்லை. துணி நிறையப் பொடி வருகிற படகு என்றால், ரோட்டரியில் கம்பளி பேடும் காம்பவுண்டும், பிறகு ஆர்பிட்டலில் நுரை பேடும் பாலிஷும். மெழுகுக்கு மென்மையான நுரை பேடும் குறைந்த வேகமும் போதும். கையாலேயே போட்டாலும் குறையில்லை.

பேடைப் பற்றி யாரும் கேட்பதில்லையே என்று எனக்கு வருத்தம். பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. கம்பளி நன்றாக அறுக்கும், நுரையைவிடக் குறைவாகச் சூடேறும். ஆனால் காம்பவுண்டும் பொடியும் சேர்ந்து கெட்டியானால் எந்த பேடும் வெறுமனே வழுக்கிக்கொண்டு ஓடும். அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள், மாற்று பேடுகள் வைத்திருங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொண்டு, காம்பவுண்ட் காய்வதற்குள் அந்த இடத்தை முடித்துவிடுங்கள்.

எடையையும் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். காரின் மேற்கூரையில் மெஷின் தானே உட்கார்ந்துகொள்ளும். படகின் பக்கவாட்டில் முழு எடையையும் நீங்கள்தான் ஏந்த வேண்டும், அதுவும் கையை நீட்டியபடி.

மெஷினே போகக்கூடாத இடங்களும் உண்டு. வழுக்காமலிருக்கச் சொரசொரப்பாகச் செய்த தளத்தில் சாதாரண மெழுகு போடாதீர்கள், கால் வழுக்கும். அடிப்பாகத்தில் பாசி, சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசும் நச்சு பெயின்டைத் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உங்கள் படகு ஜெல்கோட் தெரியாமல் பிற்பாடு பெயின்ட் அடிக்கப்பட்டதாக இருந்தால் நான் சொன்ன காம்பவுண்ட் கணக்கு பொருந்தாது. அந்தப் படலம் மிக மெல்லியது, பெயின்ட் தயாரித்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

மின்கம்பியில் ஓடும் மெஷின் என்றால் படகைக் கரையேற்றிய பிறகே வேலை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் வழியாக மட்டும் இணையுங்கள். கம்பியைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் பேடில் சிக்காது. பேட்டரி மெஷினில் அந்தக் கவலை குறைவு. ஆனால் காம்பவுண்ட் வேலை பேட்டரியை விரைவில் குடித்துவிடும். ஏழு மீட்டர் படகுக்கு ஒரு பேட்டரியை நம்பி இறங்காதீர்கள்.